ஒரு தீக்குச்சி தூரம்

போன மாம்பழ சீசனில் அமெரிக்காவிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். வழக்கமாக, தோத்தாபுரி என்ன விலை போகிறது, காணிப்பாக்கம் போய் வந்தீர்களா என்றுதான் ஆரம்பிப்பான். அன்று எடுத்த எடுப்பிலேயே வேறு பேச்சு.

"மாமா, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாராச்சே, ஒண்ணு கேக்கணும். இங்க ரோட்டோரக் கடையில 'டி.எச்.சி.ஏ. பூ'ன்னு பாட்டில்ல போட்டு விக்கிறாங்க. கஞ்சா இல்லையாம், சட்டப்படி வெறும் நார்ச்செடியாம். புதுசா ஆரம்பிக்கிறவங்க பத்திரமா எடுத்துக்கறது எப்படின்னு ஒரு துண்டுச்சீட்டு வேற கொடுக்கறாங்க. நெஜமாவே அது வேறயா?"

"வேறதான்டா," என்றேன். "ஒரு தீக்குச்சி தூரம் வேற."

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சித்தூரில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கரிம வேதியியல் நடத்தியவனுக்கு, இந்த ஒரு செடியை வைத்தே ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம் என்று தோன்றும். பள்ளிக்கூடத்தில் அதைச் செய்ய முடியாது என்பது வேறு விஷயம். இங்கே எழுதலாம்.

கஞ்சாச் செடியில் பனையைப் போல ஆண் தனி, பெண் தனி. சரக்கு இருப்பது பெண் செடியின் பூங்கொத்தில். அந்தப் பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், குண்டூசியை நட்டு வைத்த மாதிரி ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிசின் உருண்டை. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அந்த உருண்டைக்குள்தான் தொழிற்சாலை நடக்கிறது. அங்கே தயாராகும் பொருள் நாம் எல்லோரும் பேர் கேட்டிருக்கும், கிறக்கம் தரும் டி.எச்.சி. இல்லை, அதன் அமில வடிவமான டி.எச்.சி.ஏ.

அதைச் செய்து தரும் நொதியை 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து இன்னொரு விஷயம் தெரிந்தது. அந்த நொதி உயிரணுவுக்குள் வேலை செய்வதில்லை; அதைத் தாண்டி வெளியே, பிசின் சேரும் பைக்குள் போய்த்தான் செய்கிறது. காரணம் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். டி.எச்.சி.ஏ. அந்தச் செடியின் சொந்த உயிரணுக்களுக்கே நஞ்சு. அதோடு துணைப்பொருளாக ஹைட்ரஜன் பெராக்சைடும் வருகிறது. வீட்டுக்குள் புகை மண்டக் கூடாதென்று அடுப்பைக் கொல்லையில் போட்டுக்கொண்ட நம் பாட்டிமார் கணக்குத்தான். தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கும் மேலே விழும் புற ஊதாக் கதிருக்கும் எதிராகச் செடி இதைச் செய்து வைத்திருக்கலாம் என்கிறார்கள். மனுஷனுக்குக் கிறக்கம் தருவதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை.

இனி அந்தத் தீக்குச்சிக்கு வருவோம். டி.எச்.சி.ஏ. மூலக்கூறின் ஒரு பக்கத்தில் ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் கொண்ட அமிலத் தொகுதி ஒன்று தொற்றிக்கொண்டிருக்கிறது. அது இருக்கும்வரை மூலக்கூறு பருமனாக இருக்கும். ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. நுழைந்தாலும் அங்கே உள்ள ஏற்பி என்ற பூட்டில் சரியாகப் பொருந்தாது. பச்சைப் பூவை மென்று தின்பவனுக்குக் கசப்பு கிடைக்கும், பெரிய மயக்கம் கிடைக்காது. சூடு பட்டால் அந்தத் தொகுதி கரியமில வாயுவாகக் கழன்று பறந்துவிடும். மிஞ்சுவது டி.எச்.சி. போண்டா மாவில் போட்ட சோடா உப்பு எண்ணெயின் சூட்டில் வாயுவை விட்டு மாவை உப்ப வைக்கிறதல்லவா, அதே வாயுதான் இங்கேயும் வெளியேறுகிறது. அங்கே போண்டா எழும்புகிறது. இங்கே ஆள் கவிழ்கிறான்.

எடைக்கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். டி.எச்.சி.ஏ.வின் மூலக்கூறு எடை சுமார் 358. கரியமில வாயு 44. கழித்தால் 314, அதாவது டி.எச்.சி. ஆகவே நூறு கிராம் டி.எச்.சி.ஏ. முழுவதும் மாறினால் 87.7 கிராம் டி.எச்.சி. கிடைக்கும். பாட்டிலின் மேல் 'டி.எச்.சி.ஏ. 20 சதவீதம்' என்று போட்டிருந்தால், பற்ற வைத்த கணமே அது பதினேழரை சதவீத டி.எச்.சி. உள்ள கஞ்சா. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995இல் சராசரியாக 4 சதவீதம் இருந்தது. 2014இல் 12 ஆனது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 'நார்ச்செடி' என்ற பெயரின் லட்சணம் புரியும்.

அப்படியானால் அங்கே எப்படி விற்கிறார்கள்? 2018இல் அமெரிக்கா ஒரு வேளாண் சட்டம் கொண்டு வந்தது. காய்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி., அதாவது நாம் பேசும் டி.எச்.சி., 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடி நார்ச்செடிதான், போதைப் பொருள் பட்டியலில் வராது என்றது. சட்டம் எழுதியவர்கள் டி.எச்.சி.யை எண்ணினார்கள், டி.எச்.சி.ஏ.வை எண்ண மறந்தார்கள். செடியோ பெரும்பாலும் டி.எச்.சி.ஏ.வாகத்தான் வைத்திருக்கிறது. வியாபாரி அந்த இடுக்கில் கடை போட்டான். 2025 நவம்பரில் இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். நடைமுறைக்கு வர ஒரு வருஷ அவகாசமும் கொடுத்தார்கள். மருமகன் பார்த்தது அந்த இடுக்கின் சரக்கு.

ஆய்வகத்திலும் இதே கண்ணாமூச்சி உண்டு. வாயு வண்ணப்பிரிகை என்றொரு கருவி. மாதிரியை அதன் வாயில் செலுத்தியதும் சூட்டில் ஆவியாக்கி, பிறகு பிரித்துப் பார்க்கும். அந்தச் சூட்டிலேயே டி.எச்.சி.ஏ. பெரும்பாலும் டி.எச்.சி.யாகிவிடும். சூடாக்காமல் திரவத்திலேயே பிரிக்கும் கருவியில் வைத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஒரே பூ, ஒரு கருவியில் சாது, இன்னொன்றில் போக்கிரி. எந்தக் கருவி என்று கேட்காமல் எந்தப் பரிசோதனைச் சீட்டையும் நம்பக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

நம் நாட்டுச் சட்டத்தில் இந்த வில்லங்கம் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் சதவீதம் எதையும் கேட்பதில்லை. செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிதான் கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் மட்டும் விட்டுவிடுகிறது. வட நாட்டில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே பாங்கு விற்பது அந்த விலக்கை வைத்துத்தான். பூ என்றால் பூ. அதில் அமிலம் இருந்தால் என்ன, கழன்றிருந்தால் என்ன. ஒரு கிலோ வரை சிறிய அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு: குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. மருமகன் அந்தப் பாட்டிலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தால், விமான நிலையத்தில் துண்டுச்சீட்டைக் காட்டிப் பிரயோசனமில்லை.

எங்கள் ஊருக்கும் இந்தச் செடிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அதிகம் பேர் அறியாதது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை, வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் இதுதான். கலெக்டர் கச்சேரி இங்கேதான் இருந்தது. அந்தக் காலத்தில், 1893இல், கஞ்சாவால் கேடு உண்டா என்று விசாரிக்க ஆங்கிலேய அரசு ஒரு குழு போட்டது. மாக்வொர்த் யங் தலைவர். 1,193 சாட்சிகள், ஏழு பாக அறிக்கை. அவ்வளவு பெரிய விசாரணை இந்தச் செடியைப் பற்றி அதுவரை உலகில் நடந்ததில்லை. மெட்ராஸ் மாகாணத்தில் கஞ்சா விளையும் இடங்களாக அது எடுத்துச் சொன்னவற்றில் ஜவ்வாது மலையும் ஒன்று. அந்த மலையின் ஒரு பகுதி வட ஆற்காட்டில் அடங்கியது.

வங்காளத்து நவ்காவ் வயல்களைப் பற்றி அந்த அறிக்கை சொல்லும் ஒரு விவரம் எனக்குப் பிடித்தமானது. அங்கே 'போதார்' என்று ஒருவரைக் கூலி கொடுத்து அழைப்பார்களாம்; கஞ்சா வைத்தியர் என்றே அவருக்குப் பேர். அவர் வரிசை வரிசையாக நடந்து, பூப்பதற்கு முன்பே ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்கிப் போடுவார். மகரந்தம் விழாத பெண் பூ விதை பிடிக்காமல் பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். இன்று அமெரிக்கக் கடையில் விதையில்லாப் பூ என்று கூடுதல் விலைக்கு விற்பது அந்தப் போதாரின் வித்தையைத்தான்.

அளவோடு எடுத்தவர்களுக்குப் பெரிய கேடு தெரியவில்லை, மிதமிஞ்சினால் கேடு, தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று அந்தக் குழு முடித்தது. கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இன்றும் அதை எடுத்து நீட்டுவார்கள். அன்றைய குழுவுக்கு டி.எச்.சி. என்றொரு பொருள் இருப்பதே தெரியாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பொருளை 1964இல் கண்டுபிடித்தவர்கள் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும். போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த ஹஷீஷில் ஐந்து கிலோவைக் கேட்டு வாங்கி, பஸ்ஸிலேயே ஆய்வகத்துக்கு எடுத்துப் போனதாக மெக்கூலம் சொல்லியிருக்கிறார். பஸ் முழுக்க வாசனை. அடுத்த வருஷமே ஜெர்மனியில் கோர்ட்டே என்பவரின் குழு அமில வடிவத்தையும் பிரித்தது. மூளையில் இதற்கென்று ஒரு பூட்டு இருப்பது 1988இல் தெரிந்தது. செடிக்காகவா மூளை பூட்டு வைத்திருக்கும்? உடம்பே செய்யும் சாவி ஒன்று இருக்க வேண்டும் என்று தேடி, 1992இல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் பிடித்தார்கள். அதற்கு ஆனந்தமைடு என்று பேர் வைத்தார்கள். சமஸ்கிருதத்து ஆனந்தத்தை எடுத்து வேதியியல் வால் ஒட்டிய பேர் அது. திருமலையில் கருவறை விமானத்துக்கு ஆனந்த நிலையம் என்று பேர். கீழே அலிபிரிச் சோதனைச் சாவடியில் பீடிக்கட்டைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் மேலே விடுவார்கள். ஆனந்தம் உள்ளேயே ஊறுகிறது, வெளியிலிருந்து கொண்டு போக வேண்டாம் என்று ஆய்வகமும் அலிபிரியும் ஒத்துப்போகும் இடம் இது ஒன்றுதான் என்று வகுப்பில் சொல்லிச் சிரிக்க ஆசை. சொன்னதில்லை.

இனி அந்தத் துண்டுச்சீட்டின் விஷயம். 'பத்திரமாக' என்றால் என்ன?

மெக்கூலமே ஒரு சோதனை செய்தார். அவர் மனைவி கேக் செய்தார். பத்து நண்பர்கள் வந்தார்கள். ஐந்து பேருக்கு வெறும் கேக், ஐந்து பேருக்குப் பத்து மில்லிகிராம் டி.எச்.சி. கலந்த கேக். எல்லோரும் முதல் தடவை. ஒருவர் ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லியே ஓயாமல் பேசினார். ஒருவர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒருவருக்குப் பயம் பிடித்து ஆட்டியது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே மேசை. முதல் தடவை எடுப்பவன் இதில் யாராக இருப்பான் என்று எந்தச் சீட்டும் சொல்லாது.

புகைத்தால் நிமிடங்களில் மூளையைத் தொடும். அதனால் எங்கே நிறுத்துவது என்று ஆளுக்கு ஓரளவாவது தெரியும். ஆனால் எரியும் நுனியில் உண்டாகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் பீடிக்குச் சளைத்தவை அல்ல. எரிக்காமல் ஆவியாக்கும் கருவி பத்திரம் என்பார்கள். 2019இல் அமெரிக்காவில் அப்படி ஆவி இழுத்தவர்களுக்கு நுரையீரல் வெந்தது. பெரும்பாலும் கள்ளச் சந்தையின் டி.எச்.சி. எண்ணெய், அதில் கலந்திருந்த வைட்டமின்-ஈ அசிடேட்தான் முக்கியமாகச் சந்தேகிக்கப்பட்டது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் 68.

தின்பதுதான் ஆளை ஏமாற்றும். நம் பக்கம் கஞ்சா சாக்லேட் என்று பிடிபடுவது இந்த வகை. வயிறு, குடல், கல்லீரல் என்று சுற்றிக்கொண்டு வர அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை ஆகலாம். கல்லீரல் அதை இன்னும் வீரியமான வேறொரு வடிவமாக மாற்றி அனுப்புகிறது. ஒன்றும் ஏறவில்லையே என்று அவசரக்காரன் இரண்டாவது துண்டைப் போடுவான். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் மௌரீன் டௌட் 2014இல் இதை எழுதினார். டென்வர் ஓட்டல் அறையில் கஞ்சா மிட்டாய் ஒன்றைக் கடித்துவிட்டு, எட்டு மணி நேரம் செத்துவிட்டதாகவே நினைத்துச் சுருண்டு கிடந்தாராம். புதியவர்கள் அதைப் பதினாறு துண்டாக்க வேண்டும் என்று பிறகுதான் யாரோ சொன்னார்களாம்.

டௌட் வாங்கியதாவது உரிமம் பெற்ற கடைச் சரக்கு. இங்கே கிடைப்பது எது? ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து 'ஷீலாவதி' என்று பேர் பெற்ற சரக்கு, ரயிலில் கூடூர், ரேணிகுண்டா, காட்பாடி என்று இறங்கி வருவது. 2021இல் 'பரிவர்த்தனா' என்று பேர் வைத்து ஆந்திரப் போலீஸ் அந்த மலைத் தோட்டங்களை வெட்டி அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி பக்கம் இரண்டு லட்சம் கிலோவை ஒரே இடத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். டி.எச்.சி.ஏ. அத்தனையும் டி.எச்.சி.யாகி, அடுத்த கணம் அதுவும் சாம்பலாகிய மாபெரும் கரிம வேதியியல் செய்முறை என்று அதைச் சொல்லலாம். சாகுபடி முழுக்க ஒழிந்துவிடவில்லை. பொட்டலம் இன்றும் வருகிறது. பொட்டலத்தில் சதவீதம் எழுதியிருக்காது. பூஞ்சை இருக்கும், பூச்சிமருந்து இருக்கும். எடை கூட்ட எதையும் கலப்பார்கள்: 2007இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் ஈயத் துகள் கலந்த கஞ்சாவைப் புகைத்த இளைஞர்கள் ஈய நஞ்சேறி வரிசையாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதனால் இந்த மண்ணில் நின்றுகொண்டு ஆரம்பக்காரனுக்குப் பத்திரமான வழி சொல் என்று கேட்டால், ஆரம்பிக்காதே என்பதைத் தவிர என்னிடம் நேர்மையான பதில் கிடையாது.

ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். அபின் வகையைப் போல மூச்சை நிறுத்தி ஆளைக் கொல்வது இதன் சுபாவம் இல்லை. மூச்சை நடத்தும் மூளைத் தண்டில் இதன் பூட்டுகள் மிகக் குறைவு. அதை வைத்துக்கொண்டு கஞ்சா சாதுவான மூலிகை என்பவர்களிடம் ஸ்வீடனைச் சொல்வேன். அங்கே 1969-70இல் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். ராணுவத்தில் சேரும்போதே ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தது எடுக்காதவர்களைவிட ஆறு மடங்கு. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வில், வீரியமான கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனப்பிறழ்வு அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. குடும்பத்தில் யாருக்காவது அப்படி ஒரு நோய் இருந்திருந்தால் அந்த வாசலை மிதிக்கவே கூடாது. பதினெட்டைத் தாண்டாத பிள்ளை, கர்ப்பிணி, இதய நோயாளி ஆகியோருக்கும் அதேதான். வண்டி ஓட்டுவது, மேலே சாராயம் குடிப்பது இரண்டும் ஆபத்தைக் கூட்டும்.

இன்னொரு வினோதம். வருஷக்கணக்காகப் புகைத்தவர்களில் சிலர் விடாமல் வாந்தி எடுப்பார்கள். வெந்நீர் குளியலில் மட்டும் அது அடங்கும். 2004இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பக்கத்து மருத்துவர்கள் இதை முதலில் எழுதினார்கள். மணிக்கணக்கில் குளியலறையிலேயே கிடக்கும் வாந்தி நோயாளியைக் கண்டால் இன்று மருத்துவர் முதலில் கேட்பது கஞ்சாவைப் பற்றித்தான்.

மருமகனிடம் இதில் பாதியைத்தான் போனில் சொன்னேன். "அப்போ வேண்டாம்ங்கறீங்களா, மாமா?" என்றான். "வாங்கறதும் விடறதும் உன் இஷ்டம். ஆனா வேற பூன்னு நெனச்சு வாங்காதே," என்றேன்.

வாசகருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் பாக்கி. உங்கள் வீட்டில் யாராவது இதைத் தின்றுவிட்டு நெஞ்சு படபடக்கிறது, பயமாக இருக்கிறது என்றால் திட்டாதீர்கள். அமைதியான அறையில் உட்கார வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். தின்றது குழந்தை என்றாலோ, ஆள் எழுப்பினால் எழவில்லை, நெஞ்சு வலிக்கிறது, வலிப்பு வந்தது என்றாலோ 108ஐக் கூப்பிடுங்கள். விட முடியாமல் தவிப்பவருக்கு 14446 என்ற மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது. மனநல உதவிக்கு 14416. தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேரும் அடிமைக்குச் சிறிய அளவு வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64-ஏ பிரிவு அதே 1985 சட்டத்தில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மானத்துக்குப் பயந்து மறைக்காதீர்கள். புகைத்ததா தின்றதா, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் மருத்துவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.